திரும்பி வராத தடி

வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கிராஃபிக்ஸில் பளபளக்கும் வளைந்த ஆயுதம், பின்னணியில் இடி மின்னல், கீழே சிவப்பு எழுத்து: எதிரியின் தலையைக் கொய்துவிட்டு எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் தமிழனின் வளரி! ஷேர் செய்யாதவன் தமிழனே அல்ல! பினாங்கு பாயான் பாருவில் எங்கள் ஃப்ளாட் குழுவில் இது வந்தால் கைகூப்பு எமோஜி வரிசையாக விழும். 'லிஃப்ட் ரிப்பேர், யாராவது போன் போடுங்கள்' என்று எழுதினால் ஒரு கையும் கூப்பாது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தலையைக் கொய்த பிறகு அது எதற்காகத் திரும்பி வரவேண்டும்? பறந்து போய் ஒருவர் கழுத்தில் மோதிய தடியின் வேகம் அங்கேயே செலவாகிவிடும். மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு யூ-டர்ன் அடித்து, சரியான ஆளைக் கண்டுபிடித்து வந்து சேர வேண்டுமென்றால், வழி தெரிந்த கிராப் டிரைவரே திணறுவார். சரி, வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். விளிம்பு தீட்டிய, ரத்தம் சொட்டும் ஒன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சுழன்று வருகிறது. பிடிப்பீர்களா, ஓடுவீர்களா?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் கேட்டுவிட்டார். பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். உத்தியோகம் நிலவியல், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்து நடப்பது. அப்படி 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் நடந்தபோதுதான் ஒரு கற்கோடரி கண்ணில் பட்டது. இந்தியாவின் கற்காலம் பல லட்சம் வருஷம் பின்னால் போய்விட்டது. தரையைப் பார்த்து நடந்து நான் இதுவரை கண்டுபிடித்ததெல்லாம் அடுத்த வீட்டுக்காரரின் சாவிதான்.

1883 மார்ச்சில் ஃபூட் சிவகங்கைப் பக்கம் போகிறார். காலைநேரம். புதர்க்காட்டில் கூட்டம் கூட்டமாக ஆண்கள், வளர்ந்த பையன்கள், கூடவே சில நாய்கள். எல்லார் கையிலும் வளரி. விசாரித்தால், வருஷத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் உடம்பில் தெம்புள்ள ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் வந்தே ஆகவேண்டிய வேட்டையாம். ஏறக்குறைய சாமி காரியம். ஒரு முயல் துள்ளி எழுந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் வளரி மழை. பல முயல்கள் அங்கேயே காலி. முயலின் மத நம்பிக்கை என்னவென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஃபூட் விடுவாரா? எறிந்தது திரும்பி வருமா என்று விசாரித்திருக்கிறார். உறுதியான பதில் கிடைக்கவில்லை. கண்ணெதிரே எறியப்பட்ட எதுவும் திரும்புகிற பாவனைகூடக் காட்டவில்லை என்று எழுதி வைத்தார். நேராக எறிய அருமையான கருவி என்று ஒரு நற்சான்றிதழும் கொடுத்தார். அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் மனிதரைக் குழுவிலிருந்து தூக்கியிருப்பார்கள்.

ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. தம்மிடமிருந்த வளரியை ஒரு தையல்காரரின் சிரத்தையோடு அளந்திருக்கிறார். வெளிவளைவின் நீளம் சுமார் 24 அங்குலம். கைப்பிடி முனையில் முட்டை வடிவத்தில் ஒரு குமிழ், இரண்டேகால் அங்குலம். குமிழை ஒட்டிய கழுத்துதான் முழுத் தடியிலும் ஒல்லியான இடம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, மறுமுனையில் இரண்டு அங்குலத்தைத் தாண்டி, சதுரமாக வெட்டி நிறுத்தியிருக்கிறது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. மார்ச் மாதச் சிவகங்கை வெயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் வியர்வை ஆறாக ஓடும். வளரியைத் தோளுக்கு மேல் நாலைந்து சுற்றுச் சுற்றித்தான் விடவேண்டும். குமிழ் இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றிலேயே கை நழுவி, பின்னால் நிற்கும் மைத்துனருக்குப் போய்ச் சேரும். குமிழ் நழுவலைத் தடுக்கிறது. ஒல்லிக் கழுத்தில் விரல்கள் சுற்றிப் படிந்துகொள்கின்றன. பாரம் முழுக்க மறுகோடியில் இருப்பதால் சுத்தியல் மாதிரி, பிடிப்பது லேசு, விழுவது இடி. இன்றைக்கு ஒரு கம்பெனி இதற்கு எர்கோனாமிக் டிசைன் என்று பெயர் வைத்து விலையை இரட்டிப்பாக்கும். செய்த ஆசாரியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

மரம்? கெட்டியான, கனமான, செம்பழுப்பு மரம். புளியமரத்து வேர் என்று ஃபூட்டிடம் சொல்லியிருக்கிறார்கள். இதிலும் மூளை இருக்கிறது. நேர்ப்பலகையை எடுத்து வளைவாக அறுத்தால் மர இழை குறுக்கே வெட்டுப்படும். கல்லில் ஒருமுறை மோதினால் இரண்டாகப் பிளந்துவிடும். வேர் பிறவியிலேயே வளைந்தது. இழையும் வளைவோடு கூடவே ஓடும், லேசில் உடையாது. வேலைப்பாடு சற்று முரடு என்று ஃபூட் மூக்கைச் சுளித்திருக்கிறார். முயலின் மண்டையில் விழப்போகிற கட்டைக்குப் பூவேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

பூவேலை வேண்டுமென்றால் ராஜாவிடம் போகவேண்டும். தஞ்சாவூர் ஆயுதச் சாலையிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன வளரிகளில் யானைத் தந்தத்தில் செய்தவையும் உண்டு. தந்தம்! வியர்த்த கையில் வழுக்கும், கல்லில் பட்டால் விரியும், புதருக்குள் போய் விழுந்தால் ஊரே சேர்ந்து தேடவேண்டும். கிரிப் சுமார், உழைப்பு சந்தேகம், பந்தா மட்டும் நூற்றுக்கு நூறு. இதை எறிந்து வேட்டையாடிய ராஜா யாராவது இருந்தால், அவருக்குப் பின்னால் கஜானாக்காரர் அழுதுகொண்டே ஓடியிருப்பார்.

ராஜாக்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1900-களின் தொடக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் என்கிற இன்னொரு வெள்ளைக்காரர் வளரி பற்றித் தகவல் திரட்டியபோது, புதுக்கோட்டைத் திவானிடமிருந்து அழகான ஒரு குறிப்பு வந்தது. லேசான முனையைப் பிடித்து, சுழற்றி, வீசவேண்டும் என்று எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குட்டை உடைத்துவிட்டார்: இப்போது சமஸ்தானத்தில் அப்படி எறியத் தெரிந்த கெட்டிக்காரர்கள் யாரும் இல்லை, வளரிகள் பூஜையறையில் இருக்கின்றன, ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்துவிடுகிறார்கள். நம் வீட்டு டிரெட்மில்லுக்கும் கிட்டத்தட்ட இதே மரியாதைதான்.

அப்படியானால் வளரியைப் போரில் எறிந்த தலைமுறை எங்கே போயிற்று? அதில் ஒரு பங்கு எங்கள் பினாங்குக்குத்தான் வந்தது. கப்பலில், கைதிகளாக.

கதை 1795 பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு வயது இருபதை ஒட்டி. சிவகங்கைச் சீமை வழியாகப் போகிறவர் அதை ஆண்ட சின்ன மருதுவைப் பார்க்கப் போகிறார். கண்ணசைத்தால் சீமையே அசையும் ஆள். அவர் அரண்மனை வாசலில் ஒரு காவலாளிகூட இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், போகலாம். வெல்ஷுக்குத் தலை சுற்றுகிறது. எங்கள் ஃப்ளாட்டுக்குள் நுழையவே வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் அடையாள அட்டை நம்பர் சொல்லவேண்டும்.

அண்ணன் பெரிய மருது இன்னும் சுவாரசியம். ஆட்சி கீட்சி எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டு, எந்நேரமும் வேட்டையே கதி என்று திரிந்தவர். ஆள் மலை மாதிரி. நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவாராம். இப்படி ஓர் அண்ணன் இருக்கும் வீட்டில் பாக்கெட் மணி கணக்கு எப்படி நேராக வந்திருக்கும் என்பது தனிக் கவலை.

சின்ன மருது அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு என்ன செய்தார் தெரியுமா? ஈட்டி எறியச் சொல்லிக் கொடுத்தார். வளரி எறியவும் சொல்லிக் கொடுத்தார். கைதேர்ந்தவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் பின்னாளில் எழுதினார். அதோடு விட்டாரா மருது? வெல்ஷ் மதுரையில் இருந்தவரைக்கும் நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிக்கொண்டே இருந்தார். சொரசொரத்த தோலும் தேன் ருசியுமாக ஓர் ஆரஞ்சு. இந்தியாவில் வேறெங்கும் அப்படிக் கிடைக்கவில்லை என்று வெல்ஷ் 1830-இல் புத்தகம் போட்டபோதும் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். தென்னாட்டின் ஆயுத ரகசியத்தை அந்நியனுக்குக் கற்றுக்கொடுத்து, கூடவே பழமும் கட்டிக்கொடுத்து அனுப்பிய விருந்தோம்பல் நமக்கே உரியது.

ஆறே வருஷம். 1801-இல் அதே வெல்ஷ் படையோடு வருகிறார், ஆரஞ்சு கொடுத்தவரை வேட்டையாட. இதைத் தாமே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார், அந்த மட்டும் நேர்மைதான். வருத்தப்பட்டாரே தவிர, லீவு போடவில்லை.

அந்த வருஷம் ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஓர் அறிக்கை ஒட்டவைத்தார். வெள்ளைக்காரனை விரட்ட எல்லாரும் ஒன்றுசேருங்கள் என்று. நான் சொல்ல வருவது அதன் வால்பகுதியை. இதைப் படிப்பவர்கள் பிரதி எடுத்துப் பிறருக்கும் பரப்பவேண்டும். செய்யாதவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வந்து சேரும்! இப்போது சொல்லுங்கள், 'ஷேர் செய்யாதவன் தமிழனே அல்ல' என்று எழுதுகிறவரை நான் எந்த முகத்தோடு கிண்டல் செய்வது? பாரம்பரியம் இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஒரே வித்தியாசம், மருது சொன்ன செய்தி உண்மையாக இருந்தது.

அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர் இருவரையும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்குப் பதினைந்து வயது வாக்கில். அவரையும் இன்னும் 72 பேரையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த நீளப் பெயர் எந்த ஊருக்கு என்று யோசிக்காதீர்கள். எங்கள் ஊருக்குத்தான். கையில் வளரி கொடுத்து அனுப்புகிற அளவுக்குக் கம்பெனிக்குத் தாராளம் கிடையாது.

அந்தத் தீவுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் லைட். 1786-இல் கொடியேற்றிய மகான். அவர் வந்து இறங்கிய முனை முழுக்கக் காடு. வெட்ட ஆள் வரவில்லை. உடனே லைட் வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்க வந்தவர்கள் காட்டை வெட்டித் தள்ளினார்களாம். மெய்யோ பொய்யோ, பினாங்குக்காரர் எவரும் இந்தக் கதையை விட்டுத்தர மாட்டார். சிவகங்கையில் ஒருவர் காசை வளைத்தார், இங்கே ஒருவர் காசை வீசினார். இன்று இங்கே மலேசியத் தமிழர் நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்கிறோம், ஆனால் காட்டுக்குள் போய்ப் பொறுக்கும் வசதிதான் இல்லை.

லைட்டுக்குச் சிலை வேண்டாமா? 1936-இல் 150-ஆவது வருஷக் கொண்டாட்டத்துக்கு வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், மனிதர் எப்படி இருப்பார் என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. என்ன செய்வது? மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்து வார்த்துவிட்டார்கள். ஃபோர்ட் கார்ன்வாலிஸுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அப்பா என்று நினைத்து மகனோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டையும் லேசுப்பட்டதல்ல. முதலில் நிபோங் மரக் கம்புகளால் வேலி மாதிரி கட்டி, பிறகு 1804 முதல் இந்தியக் கைதிகளை வேலைவாங்கிச் செங்கல்லால் எழுப்பினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சண்டையும் பார்க்கவில்லை.

வெல்ஷ் 1818-இல் பினாங்கு வந்தார். துரைசாமியைப் பார்த்தார். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. பார்த்தால் கிழவர் போலத் தளர்ந்திருந்தார். வெல்ஷால் செய்ய முடிந்தது பன்னிரண்டு வருஷம் கழித்தும் மறக்காமல் புத்தகத்தில் எழுதியதுதான். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. அடுத்த பத்திக்குப் போவோம்.

சிலைக்கு முகம் கொடுத்த மகன் வில்லியம் இருக்கிறாரே, அவர் கெடாவில் பிறந்து, பினாங்கில் சின்னப்பிள்ளையாக ஓடியாடியவர். வளர்ந்து ஆஸ்திரேலியா போய், 1830-களில் அடிலெய்ட் நகரத்துக்கு இடம் தேர்ந்து தெரு போட்டார். பூமராங் ஊருக்கு! அங்கேயாவது எறிந்தது திரும்பி வந்ததா என்று ஆவலோடு கேட்பீர்கள். வந்தது. ஆனால் எது வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. பழங்குடியினர் கங்காரு அடிக்க எறிந்த கனமான தடி திரும்பாது. நேரே போய் விழும், நம் வளரி மாதிரி. திரும்பி வருவது மெலிந்த, லேசான வகை. அதைப் பெரும்பாலும் விளையாட்டுக்கும், பறவைக் கூட்டத்தை மிரட்டி வலைக்குள் விழவைக்கவும் வைத்திருந்தார்கள். போலந்துக் குகை ஒன்றில் மாமத யானைத் தந்தத்தில் செய்த தடி கிடைத்தது, இருபதாயிரம் வருஷத்துக்கும் பழசு. நகல் செய்து எறிந்து பார்த்தார்கள். பறந்தது, திரும்பவில்லை.

அதாவது, வேலைக்கானது போகும், பொம்மைதான் திரும்பும். நம் முன்னோரின் ஆயுதம் கைக்கே திரும்பி வரும் என்று மார்தட்டும்போது, அவர்கள் வைத்திருந்தது பொம்மை என்றுதான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரிய மருது கேட்டால் நம்மையும் நாணயம் மாதிரி வளைத்துவிடுவார்.

பொம்மை என்று வந்துவிட்டதால் ஃபிரிஸ்பீயை விட முடியாது. 1937-இல் கலிஃபோர்னியாவில் ஃபிரெட் மாரிசன் என்ற பையன் காதலியோடு ஒரு பாப்கார்ன் டின் மூடியை எறிந்து விளையாடினான். மூடி நசுங்கிப் போகவே கேக் தட்டுக்கு மாறினார்கள். கடற்கரையில் ஒருவர் அந்தத் தட்டுக்கு 25 சென்ட் தருகிறேன் என்றார். கடையில் அதன் விலை 5 சென்ட். மாரிசனின் விஞ்ஞானத் தாகம் அந்த நொடியில்தான் பிறந்தது.

நடுவில் உலகப் போர். விமானம் ஓட்டி, ஜெர்மானியரிடம் கைதியாகி, மீண்டு வந்து, 1948-இல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பிளாஸ்டிக் தட்டு வார்த்தார். பறக்கும் தட்டு வதந்தி உச்சத்தில் இருந்த நேரம், பெயரும் அதையே வைத்தார்கள். அழகாகப் பறந்தது. தரையில் பட்டதும் சில்லுச் சில்லாக உடைந்தது. எங்கள் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் 1972-இலிருந்து டிராப் டெஸ்ட் செய்தே தேய்ந்துபோன ஆட்களிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே 'ரிஜெக்ட்' முத்திரை குத்தியிருப்பார்கள். பறப்பதற்கென்றே செய்த பொருள் ஒருநாள் இறங்கவும் செய்யும் என்பது ஒரு விமானிக்கே தோன்றவில்லை!

ஆனால் வியாபாரத்தில் மனிதர் கில்லாடி. பொருட்காட்சியில் எறிந்து காட்டினால், கண்ணுக்குத் தெரியாத கம்பியில் ஓடுகிறது என்று கூட்டம் முணுமுணுத்ததாம். மறுக்கவே இல்லை. தட்டு இலவசம், கண்ணுக்குத் தெரியாத கம்பி நூறு அடி ஒரு டாலர் என்று விற்றார்கள். பிறகு 1957-இல் உரிமையை வாம்-ஓ கம்பெனி வாங்கி, ஃபிரிஸ்பீ என்று பெயர் மாற்றியது. பை விற்ற ஒரு பேக்கரியின் தகரத் தட்டைக் கல்லூரிப் பையன்கள் எறிந்து விளையாடியதால் வந்த பெயர். மாரிசனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ராயல்டி செக் வரத் தொடங்கியதும் காதுக்குப் பழகிவிட்டது.

கிரிப்பைச் சரிசெய்தவர் எட் ஹெட்ரிக். 1960-களில் வாம்-ஓவில் சேர்ந்தவர். வழவழத் தட்டின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகள் வார்த்தார், விளிம்புக்குக் கனம் கூட்டினார். விளிம்பு கனத்தால் சுழற்சி நிலைத்து நிற்கும், காற்றில் தள்ளாடாது. வரம்புகள் காற்றோட்டத்தையும் கட்டுக்குள் வைக்கும், கட்டைவிரலும் அதில் ஊன்றிக்கொள்ளும். 1967-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வரம்புகளுக்கு 'ஹெட்ரிக்கின் வளையங்கள்' என்றே பெயர். நம் குமிழுக்குத்தான் பெயர் வைக்க ஆளில்லாமல் போயிற்று. அடுத்த வருஷமே அமெரிக்கக் கடற்படை, தட்டில் தீப்பந்தம் வைத்து வானில் மிதக்கவிடலாமா என்று ஆராயக் கிட்டத்தட்ட 4 லட்சம் டாலர் செலவழித்தது. பொம்மையை ஆயுதமாக்குகிற ஆசை வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் உரியதல்ல பாருங்கள்.

ஹெட்ரிக் தட்டை மதமாகவே பாவித்தார். 2002-இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் போக, மீதி விற்பனைக்கும் வந்தது.

இதை எங்கள் மாடியில் இருக்கும் பாட்டியிடம் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

"சாம்பலக் கடல்ல கரைக்காம தட்டு செஞ்சானுங்களா?"

"ஆமாம் பாட்டி."

"தட்டுங்கிற. கழுவிட்டா அதுல சோறு போடலாமா, கூடாதா?"

கேக் தட்டில் தொடங்கிய பொருளாயிற்றே. எனக்குப் பதில் தெரியவில்லை.